லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஐந்து மணி நேரம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் பூகோளம் நடத்தியவன், பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரே உலக உருண்டை. ஞாயிறு தவறாமல் வேதக்கோவிலுக்குப் போகிறவன் வேறு. நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மகள் லிஸ்பனில், மகன் ஹெல்சிங்கியில். மேலப்பாளையத்து முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளோடு பேச்சை அறுத்தேன். மகனையும் பேசவிடாமல் வேதத்தின் மேல் சத்தியம் வாங்கினேன். என் மனைவி கிரேஸ் மட்டும் எனக்குத் தெரியாமல் மகளோடு பேசுவாள். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். முடியாமல் படுத்துக் கிடந்தபோது ஒருநாள், அந்த இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மூவாயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், விமானம் நேராகப் போனால் ஐந்து மணி நேரம் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன்.

"அஞ்சு மணி நேரந்தானா? உலகத்தையே அளக்குதியளே, பிள்ளைய ரெண்டையும் ஒருத்தரையொருத்தர் ஒருக்கா பாக்க விடப்படாதா?"

நான் பேப்பரைத் திருப்பினேன்.

அந்த வாரமே போய்விட்டாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்த்த பிறகுதான் எங்களில் பெட்டியை மூடுவார்கள். மகனுக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மகள் எங்கே என்று கேட்டவர்களிடம், ரொம்ப தூரம், விமானம் தோதுப்படவில்லை என்றேன். பூகோள வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள். உண்மையில் அவளுக்கு நான் சொல்லவே இல்லை, மகனையும் வாய் திறக்க விடவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். வீட்டில் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, சும்மா சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறிப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அப்படித் திரும்பி வந்த ஒரு சாயங்காலம் மகன் கூப்பிட்டான். குரல் சரியில்லை. அக்கா வந்திருக்கிறாளாம். நேற்று அம்மா போன் பண்ணி, தம்பி வீட்டுக்குப் போ, ஐந்து மணி நேரம்தான் என்று விலாசமும் சொன்னாளாம். கிரேஸின் போனை நான்தான் அணைத்துப் பீரோவில் பூட்டினேன், சாவி என்னிடம் இருக்கிறது.

"அக்காவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லுங்கப்பா" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டான்.

எத்தனையோ வருஷம் கழித்து மகள் குரல். "அப்பா, அம்மாட்ட குடுங்க."

வீட்டில் நான் ஒருவன்தான். அப்போது அவள் பேச ஆரம்பித்தாள், என்னிடம் இல்லை. "ஆமாம்மா... சாப்பிட்டேன்... இல்ல, அழமாட்டேன்... சரிம்மா." எதிரே ஆள் பேசுவதைக் கேட்பவள்போல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். போன் என் காதில்தான் இருந்தது, எனக்கு வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவள் பேசி முடித்ததும், அம்மா போயிட்டாம்மா என்றேன்.

"தெரியும்ப்பா. இப்பதான் சொன்னா."

இப்போது வாரம் தவறாமல் என்னோடு பேசுகிறாள், பிரியமாகத்தான். அடக்கத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று ஒருதரம்கூட கேட்டதில்லை. அம்மா அன்றைக்கு இன்னும் என்னென்ன சொன்னாள் என்று நானும் கேட்டதில்லை.