வீட்டு நம்பர் எழுதவில்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், டீச்சர். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். உங்களிடம் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கும் என் மகள் இதை இங்கிலீஷில் மாற்றித் தருவாள். அவள் எதை எப்படி மாற்றினாள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் இந்தத் தமிழ்த் தாள்களையும் சேர்த்தே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் நந்திதுர்க்கில் மைன்ஸ் லைன் வீட்டில் இருக்கிறோம், தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மைன்ஸ் மூடும் வரை நான் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தேன். இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி. மகள் பத்தாவது வந்தபோது வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு அறை கட்டினேன். ஒரு நாள் கம்பெனி ஆபீஸிலிருந்து ஃபைலோடு இரண்டு பேர் வந்தார்கள். அன்பாகப் பேசினார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எத்தனை அறை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். என் மனைவி டீயும் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த மாதம், தகர அறையைப் பிரிக்கச் சொல்லிக் கதவில் நோட்டீஸ். நான் பிரிக்கவில்லை. பிறகு யாரும் வரவில்லை. ஆனால் எங்கள் லைனில் நோட்டோடு யாராவது வந்து நின்றால், இன்றைக்கும் எந்த வீட்டிலும் வாய் திறக்கமாட்டார்கள்.

போன மாதம் மகளின் நோட்டு கட்டில் மேல் திறந்து கிடந்தது. தமிழில் எழுதியிருந்தாள். சுரங்கத்தில் எத்தனை ஆழத்து லெவலில் நான் வேலை செய்தேன், எங்களை ஏற்றிக்கொண்டு கேஜ் லிஃப்ட் இறங்கும்போது யார் பாடுவார்கள், எல்லாம் சாப்பிடும்போது நான் சொன்னவை. அதற்குக் கீழே, "பின்னால் தகர அறை. எட்டடிக்கு ஆறடி." அதற்கு மேல் படிக்காமல் மகளைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி இது? வீட்ட அளவெடுத்துக்கினு இக்கிற?"

"ஐயோ நைனா, அது என் பேப்பரு. நாடகம், நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு, இந்த நாலும் கட்டாயம். அஞ்சாவது நாமளே எடுத்துக்கலாம். நான் வாழ்க்கை வரலாறு எடுத்துக்கினேன். வீட்ல ஒருத்தர் கதைய கேட்டு எழுதணும்."

"இங்கிலீஷ் படிக்கப் போன எடத்துல என் கதை இன்னாத்துக்கு? அவங்களாண்ட புக்கு இல்லியா?"

மனைவி சமையல்கட்டிலிருந்து சிரித்தாள். "உங்க கதை ஒரு பக்கம்கூட வராது. வாயத் தொறந்தாத்தானே!"

மகள் ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினாள். நான் சொல்வதை எழுதிக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடவில்லை. அன்றிலிருந்து அவள் என்ன கேட்டாலும் "மறந்துபோச்சு" என்றேன். இந்த வாரம் அந்த நோட்டையே எடுத்து என் டியூட்டிப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

நேற்று எனக்கு வார லீவு. டியூட்டிக்குப் போவதுபோல ரயிலேறி உங்கள் யுனிவர்சிட்டிக்கு வந்தேன். அப்படி ஒரு பேப்பர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான். கேட்டில் செக்யூரிட்டி ரிஜிஸ்டரை நீட்டினார். பேர், ஊர், வந்த காரணம். தினமும் நான் மற்றவர்களிடம் நீட்டுவதுதான். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன். மகள் இங்கே படிக்கிறாள் என்று கன்னடத்தில் சொன்ன பிறகுதான் விட்டார்.

இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் போர்டில் பேப்பர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மாணவியைக் கேட்டேன். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். மகள் சொன்ன ஐந்தும் இருந்தன. கடைசிப் பேப்பரை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டதற்கு, எதிரே வந்துகொண்டிருந்த உங்களைக் காட்டினாள். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். ஃபைல் இருந்தது. நான் வேகமாகப் படி இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், மகள் படுக்கையைப் புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"திங்கக்கிழம கடைசி நாளு நைனா. நோட்டு போச்சுன்னா பேப்பரே போச்சு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பி, எட்டடிக்கு ஆறடிக்கு அடுத்த வரியைக் காட்டினாள். அன்றைக்கு நான் அதுவரைக்கும் போகவில்லை. "நைனா ஒற்றை ஆளாகக் கட்டியது. நான் படித்ததெல்லாம் இங்கேதான்" என்று எழுதியிருந்தாள்.

"நீ கையெழுத்து போடமாட்டேன்றன்னு டீச்சராண்ட சொன்னேன்" என்றாள். "உங்கப்பாவே தன் கையால எழுதிக் குடுத்தா போதும்னாங்க. இன்னா சொல்லணும், இன்னா மறைக்கணும், எல்லாம் உன் இஷ்டம்."

நேற்றிலிருந்து எழுதுகிறேன். தகர அறையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விட்டால், அவள் எங்கே உட்கார்ந்து படித்தாள் என்று எழுதுவது? அதனால் எழுதிவிட்டேன். ஆனால் வீட்டு நம்பரையோ, எங்கள் மூன்று பேரின் பேரையோ எழுதவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, டீச்சர். அந்த ஃபைலில் என்ன இருந்தது என்று மட்டும் மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, 18 ஆகஸ்ட் 2024