இலையில் ஏறாத கிழங்கு

போன வாரம் பரமத்தி வேலூர் பக்கம் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். இறந்தவன் குமரேசன் – என் பள்ளிக்கூடத்து சிநேகிதன். தோட்டத்தில் மோட்டார் போடப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்... அவ்வளவுதான். பாவிப்பயல், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

அவன் மனைவி பிந்து, பாலக்காட்டுப் பெண். விவசாயம் பார்க்கிற பையனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஜாதகம் கந்தலாகும்வரை அலைந்துவிட்டு, கடைசியில் புரோக்கரோடு பாலக்காட்டுக்கு பஸ் ஏறினான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இல்லை. பிந்து பேசுகிற தமிழில் இப்போது என்னுடையதைவிட 'ங்க' அதிகம். ஆனாலும் ஊருக்கு அவள் 'மலையாளத்துப் புள்ள'தான்.

படையலுக்கு இலை போட்டாயிற்று. பிந்து ஒரு தட்டோடு வந்தாள். மரவள்ளி – எங்கள் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு – வேகவைத்து மசித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சேர்த்தது. குமரேசன் அதற்கு உயிரை விடுவான்.

குமரேசனின் அக்கா பாப்பாத்தி கையை நீட்டித் தடுத்தார். "அது எதுக்கு இங்க?"

"அவருக்குப் புடிச்சதுங்க்கா. ஒரு வாய் வெச்சுக்கறனுங்க."

"உங்கூருப் பழக்கமெல்லாம் இங்க ஆகாது சாமி. மில்லுக்குப் போற கெழங்கை எலையில வெப்பாங்களா? நம்மூருச் சாப்பாடுதான் வெக்கோணும்."

நம்மூர்ச் சாப்பாடு! இலையைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம், கடலை உருண்டை, ஓரத்தில் கொய்யாப்பழம். குழம்பில் மிதக்கிற மிளகாய் வேறு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து, கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவை. மரவள்ளியும் அப்படித்தான். பிரேசில் பக்கமிருந்து கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து நம் நாமக்கல், சேலம் காடு தோட்டங்களுக்கு வந்தது. பிந்து வந்த அதே வழி!

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க்கா, அந்தக் குண்டாவுல ஜவ்வரிசிப் பாயசம் இருக்குதே... அதுவும் இதே கெழங்குதானுங்களே?"

அக்காவுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு லோடு அனுப்புகிற குடும்பம். முகம் சிவந்துவிட்டது.

"அது வேற, இது வேற தம்பி. நீங்க பேப்பர்ல எழுதறதையெல்லாம் எழவூட்ல வந்து பேசாதீங்க."

அக்காவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்து, அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தார். ஆனால் அந்தத் துக்கத்திலும் உள்ளே யார், வெளியே யார் என்று பிரிப்பதற்கு மட்டும் நமக்குத் தெம்பு இருக்கிறது பாருங்கள்!

பிந்து சண்டை போடவில்லை. "உடுங்கண்ணா" என்றாள். தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து, தானே கரண்டி எடுத்து இலையில் பாயசம் ஊற்றினாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "கெழங்கு எப்படியோ அவருகிட்டப் போயிருச்சுங்க."

சாப்பாடு முடிந்ததும் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"போயி நாலு நாளு இருந்துட்டு வா சாமி" என்றார் பாப்பாத்தி அக்கா. எந்த நாலு நாள், எப்போது திரும்புவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளுடைய துணிமணி எல்லாம் ஏற்கெனவே டிக்கியில் ஏறியிருந்தது.

கார் கதவைப் பிடித்துக்கொண்டு பிந்து சொன்னாள். "மோட்டாரு மட்டும் நேரத்துக்குப் போட்டு உடுங்க்கா. கெழங்கு வாடிப்போயிரும்."

வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் அவனும் அவளும் சேர்ந்து மரவள்ளிக் குச்சி நட்ட காடு, ஆள் உயரத்துக்கு நின்றது. கார் அதன் நடுவே போய் மறைந்தது.

பிரேசிலில் இருந்து வந்ததை ஊர்க்காரனாக்கிவிட்டோம். பாலக்காடுதான் நமக்கு ரொம்பத் தூரம்.