பங்கு போட்டு வந்தவர்கள்

பாக்கார் ஆராங் குடியிருப்பில் எங்கள் வீட்டை ஒட்டிய இன்னொரு வீடு என் மனைவியுடையது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அவளுக்குச் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் கூரை. அதை நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். வாடகையை அதிகம் வைத்தால் கண்ணியமானவர்கள் வருவார்கள் என்பது என் கணிப்பு. முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் வேறெப்படிக் கணிப்பான்?

முதல் கல்யாண சீசனில் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "ஆறு பேருதான் லா, அண்ணே." சாயங்காலம் இரண்டு வேன்கள் வந்தன. முதல் வேனிலிருந்து பிரியாணி அண்டா இறங்கியது.

"ஆறு பேருக்கு அண்டாவா?"

"எங்க அத்தைக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்தி, அண்ணே."

அத்தையோடு இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, வாடகை அதிகமாயிற்றே என்று கேட்டேன். "ஆளாளுக்குப் பங்கு போட்டா சீப்புதான் லா!" என்றார் அவர், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அப்போதுதான் புரிந்தது. என் விலையைத் தாங்கக் கூட்டத்தால் மட்டுமே முடியும். கண்ணியமான சிறு குடும்பம் விளம்பரத்தைப் பார்த்தவுடனே ஓடியிருக்கும்.

ஹோம்ஸ்டேக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். கல்யாணக் கூட்டம் இரவெல்லாம் பாடிய கரோக்கே அடங்கிய மறுநாள் அக்கா வேலியருகே வந்தார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மஜ்லிசுக்குப் போயிருவேன், அண்ணே. கோவிச்சுக்காதீங்க." கோபித்துக்கொள்ள எனக்கு ஏது நேரம்? மஜ்லிஸ் என்கிற நகராட்சிக்கு ஒரு புகார் போனால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மனைவியின் வீட்டுக்குப் பூட்டு.

வாடகையைப் பாதியாக்கினேன். நான்கு பேருக்கு மட்டும். கூடும் ஒவ்வொரு தலைக்கும் தனிக் கட்டணம். உபரி மெத்தைகளைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டேன். "தரையில படுத்துக்குறோம், அண்ணே" என்றவரிடம் வீடு ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது என்றேன்.

பிறகு யான் என்ற ஊரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இங்கே மருத்துவமனையில் சிகிச்சையாம். எத்தனை பேர், யார் பார்க்க வருவார்கள், சமைப்பீர்களா, பாடுவீர்களா என்றெல்லாம் கேட்டேன். மருத்துவமனை அட்டையையும் வாங்கிப் பார்த்தேன்.

"அண்ணே, வீடு வாடகைக்கா, இல்ல போலீஸ் விசாரணையா?"

"ரெண்டும்தான்" என்றாள் என் மனைவி, சாவியை நீட்டியபடி.

மறுநாள் அக்கா மறுபடி வேலியருகே நின்றார். மஜ்லிஸ்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"வாடகை வீட்டுல யாரும் இல்லையா, அண்ணே? எங்க வீட்டுக்காரரு நேத்து நல்லாத் தூங்கினாரு."

மஜ்லிஸ் பேச்சு வரவில்லை. தம்பதி இன்னும் சில நாள் தங்கலாமா என்று கேட்டார்கள். அட்டையை மறுபடி கேட்காமலே சம்மதித்தேன். கேட்டிருக்கலாம் என்று எனக்குள் இருந்த அரசாங்க அலுவலகம் மட்டும் முணுமுணுத்தது.