இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவர்

காற்று ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளைப் பிளக்கைத் தூணில் உள்ள கப்ளிங்குக்குள் செருகுகிறார். ‘டக்’ என்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இவர் நகர்வதில்லை. ரப்பர் ஹோஸைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, ஓர் இழுப்பு. பிறகு இன்னோர் இழுப்பு. அதற்கப்புறம் சோப்புத் தண்ணீர்க் குவளையில் பழைய ஷேவிங் பிரஷை முக்கி, மூட்டைச் சுற்றித் தடவிவிட்டுக் குனிந்து பார்க்கிறார். நுரை கிளம்பவில்லை. “சரி, இது நல்லா தூங்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போகிறார்.

லாரியும் பஸ்ஸும் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் பதினொரு தூண்கள். தூணுக்கு ஒரு கப்ளிங், அதில் மாட்டிய ஒரு நீள ஹோஸ். டயருக்குப் பிடிக்க, சக்கர நட்டைக் கழற்ற, வண்டியின் அடிவயிற்றுத் தூசியை ஊத, எல்லாவற்றுக்கும் காற்றுதான். காலையில் கம்ப்ரசர் தொட்டியை நிரப்பி ஓய்ந்ததும், சுத்தியல் சத்தம் தொடங்குவதற்குள் இவர் பதினொன்றையும் பார்த்து முடித்தாக வேண்டும். சத்தம் தொடங்கிவிட்டால் கசிவு காதில் விழாது.

பட்டறையில் இவருக்குச் சோப்பண்ணன் என்று பெயர். மூட்டுகளைத் தவிர வேறு யாருக்கும் சோப்புப் போடத் தெரியாதவர், தெரிந்திருந்தால் இந்நேரம் போர்மேன் ஆகியிருப்பார் என்பது பெயிண்டரின் கட்சி. வயது ஐம்பத்து நாலு. ஒல்லி உடம்பு. காக்கிச் சட்டையின் வலது பையில் வெள்ளை டேப், சாக்பீஸ், ஒரு சின்ன ஸ்பேனர். இடது பையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் பொத்தான் எப்போதும் போட்டே இருக்கும்.

என் பழைய காரின் பின்சக்கரம் ஒன்று வாரத்துக்கு ஒரு முறை உயிரை விடும். அதனால் ஏற்பட்ட பழக்கம் இது. “டயர மாத்திடுங்க சார்” என்று அவர் சொல்வதும், “மாத்தணும்” என்று நான் சொல்வதுமாக இரண்டு வருடம் ஓடிவிட்டது. காற்றுப் பிடிக்க ஐந்து நிமிடம். மீதி நேரம் நான் சும்மா நின்று இவரை வேடிக்கை பார்ப்பது.

காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷர் வேறு ஆள். “தண்ணி ஒழுகினா தரை சொல்லும். எண்ணெய் ஒழுகினா கறை சொல்லும். காத்து ஒழுகினா யாரு சார் சொல்லுவா? நாமதான் போய் கேக்கணும்.” மரை போட்ட மூட்டுகளில் இரண்டு ஜாதி உண்டாம். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். தப்பான ஜோடியைப் போட்டாலும் மூன்று சுற்று நல்ல பிள்ளையாக உள்ளே போகும், நாலாவது சுற்றில்தான் முரண்டு பிடிக்கும். “அப்ப கழட்டிடணும். நம்ம ஆளுங்க பெரிய ஸ்பேனரத் தேடுவாங்க.” லாரியின் பிரேக்குக்குக் காற்றுக் கொண்டுபோகும் நைலான் குழாயை வெட்டும்போது நேராக வெட்ட வேண்டும். “சாய்ச்சு வெட்டினா காலைல பிடிக்கும், சாயங்காலம் விட்டுடும். அதுக்குள்ள வண்டி எந்த இறக்கத்துல இருக்குமோ.” டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். நுனியில் இரண்டு மரையை விட்டுவிட வேண்டும். ஹோஸை ஆணியில் மாட்டக் கூடாது, பழைய சக்கர வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கசியும் இடத்தில் டியூப் துண்டைச் சுற்றிக் கம்பி கட்டிக்கொண்டு வரும் டிரைவர்களைக் கண்டால் இவருக்கு முகம் சுண்டிவிடும். கம்பியை வெட்டி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

மத்தியானம் சாப்பாடு ஸ்டோர் ரூமில். அங்கே பொறுப்பில் இருப்பவர் இவருடைய தங்கை கணவர். மூன்று பக்கமும் தகர அலமாரி, நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் இரண்டு டிபன் பாக்ஸ். மாப்பிள்ளைக்கு இடது கண் கிடையாது. முன்பு பட்டறையிலேயே கைவேகம் உள்ள டயர் ஆள் அவர். நாலு வருடத்துக்கு முன்னால், ஆறாம் தூணில் மாட்டிய ஹோஸ் காற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்து, நுனியில் இருந்த பிளக் கண்ணில் அடித்துவிட்டது. சரியாக மாட்டவில்லை, அவசரம் என்று முதலாளி சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு டயர் பக்கம் போகாமல் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை வாரப் பத்திரிகையை எடுப்பார். தலையைக் கொஞ்சம் திருப்பி, இருக்கும் கண்ணுக்கு நேராகத் தாளைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகப் படிப்பார். சமையல் குறிப்புக்கூட விடுவதில்லை. சோப்பண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது சிரமம், ஆகவே இவர் கேட்கிற பக்கம். நான் எழுதியது வந்திருந்தால் அன்றைக்கு எனக்கு மரியாதை கொஞ்சம் தூக்கல்.

மாப்பிள்ளை ஒரு வேலையைச் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அலமாரியைப் பூட்டுவார். நாலடி போய்த் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். “நான் அவசரக்காரன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கு சார்” என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். “கண்ணு போனப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப என்னை நானே நம்புறதில்ல. என் பொண்ணு செருப்பு மாட்டுறப்பகூட, அப்பா மாதிரி அவசரப்படாதேன்னு சொல்றேன்.”

சோப்பண்ணன் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். டிபன் பாக்ஸை மூடினார், திறந்தார், மூடினார். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

இந்த வருடம் பட்டறைக்குப் புதிய உத்தரவு ஒன்று வந்தது. பல ஜாதிக் கப்ளிங்குகள் கலந்து கிடப்பது ஆபத்து, பதினொரு தூணுக்கும் ஒரே வகை, பழையதெல்லாம் சனிக்கிழமை உருக்கப் போகும். வாழ்நாள் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர் சோப்பண்ணன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நான் போனபோது கம்ப்ரசர் அறைக்குள் என்னைக் கூப்பிட்டார். தொட்டியின் அடியில் இருந்த திருகைத் திறந்து, துருப்பிடித்த தண்ணீரை வடியவிட்டார். அந்தச் சத்தத்தில், இடது பையின் பொத்தானைக் கழற்றி இரண்டு பிளக்குகளை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுல எது வேற, சொல்லுங்க.”

புரட்டிப் பார்த்தேன். விரல் நீளம், பித்தளை, கழுத்தில் ஒரு பள்ளம். இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

“ஒண்ணோட கழுத்து அரை நகம் குட்டை. உள்ள போகும், டக்குனு சத்தமும் வரும். ஆனா பிடிக்காது. காத்து ஏறி யாராவது இழுத்தா விட்டுடும்.” தண்ணீர் வடிவதையே பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கும் தெரியல சார், அன்னைக்கு. ஆறாம் தூண் ஹோஸ்ல பிளக் தேஞ்சு போச்சு. ஸ்டோர்ல அந்த ஜாதி இல்ல. டிராயர் அடியில இது கெடந்துது. போட்டேன். டக்குனுச்சு. இழுத்துப் பாக்கல.”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது இரண்டு பிளக்கையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

“அவரு சரியாத்தான் மாட்டினாரு. அவரு எப்பவுமே சரியா மாட்டுற ஆளு.” திருகை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். “எல்லாரும் அவரத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. நான் போகல. ரத்தத்தப் பாத்தா எனக்கு ஆகாதுன்னு என் தங்கச்சி இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கா. நான் அந்தப் பிளக்க வெட்டி எடுத்துட்டு வேற போட்டுக்கிட்டிருந்தேன். முதலாளி வந்து பாத்தப்ப ஹோஸ் ஒழுங்கா இருந்துது.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்ற பயமும் வந்தது. சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். பழையதைத் தரம் பிரிப்பது மாப்பிள்ளை வேலை. இந்தப் பிளக்கை அவர் தட்டில் வைத்துவிட்டால் போதும், அவர் விரலுக்குத் தெரியாதது இல்லை. அவர் கேட்பார், இவர் சொல்வார். “தட்டு உருக்கப் போயிடுச்சுன்னா அப்புறம் பேச்செடுக்க வழியே இல்ல சார். நான் செத்தாலும் அவரு அவசரக்காரனாவே இருப்பாரு.”

சனிக்கிழமை என் சக்கரத்தில் காற்று இருந்தது. இருந்தாலும் போனேன்.

ஸ்டோர் ரூம் வாசலில் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிளக்கையும் கட்டைவிரலால் தடவித் தடவி மூன்று தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தார். கண் வேறு எங்கோ இருந்தது. ஒன்றைப் போட்டபின் மறுபடி எடுத்துத் தடவிப் பார்ப்பார். சோப்பண்ணன் எதிரில் குந்தியிருந்தார். இடது பையின் பொத்தான் கழன்றிருந்தது. இரண்டு விரல் பைக்குள் போயிருந்தது.

“மாப்ள” என்றார்.

“சொல்லுங்க மச்சான்.”

“எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?”

“ரெண்டு தரம் பாத்துட்டேன். இன்னும் ஒரு தரம் பாத்துடறேன். என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.” சிரித்தார். “நீங்க ஒரு தரம் பாத்துக் குடுத்தா எனக்கு நிம்மதி. உங்க கைன்னா நம்பலாம்.”

சோப்பண்ணனின் விரல்கள் பையை விட்டு வெளியே வந்தன. வெறும் விரல்கள். தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி என்றார். சிறிது நேரத்தில் வண்டி வந்தது. தட்டுகளைக் கோணிப்பையில் கொட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கிளம்பும்போது கார் வரைக்கும் கூடவே வந்தார். கேட்காமலே பின்சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்தார். புதுக் கப்ளிங், புதுப் பிளக். அப்படியும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“சாதாரண ஆளுங்களப் பத்தியெல்லாம் எழுதுறீங்களே, என்னப் பத்தி எழுதுங்களேன் சார்.”

“எதை எழுதுறது?”

“எல்லாத்தையும். பேரு மட்டும் வேணாம். பேரு இல்லாட்டியும் அவருக்குத் தெரியும்.”

தாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டுகிறாரே என்று இருந்தது. நான் என்ன தபால்காரனா? சொல்லியும் விட்டேன்.

“ஆமா சார். எனக்கு வாய் வரல. நாலு வருஷமா வரல. அதான்.”

“பத்திரிகை வந்ததும் அவர் முதல்ல உங்களுக்குத்தானே படிச்சுக் காட்டுவார்?”

“ஆமா.”

“சத்தமா.”

“ஆமா.”

“அப்போ நீங்க எங்கே இருப்பீங்க?”

ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தார். உள்ளே மாப்பிள்ளை அலமாரியைப் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். சோப்பண்ணன் சட்டைப் பைக்குள் விரல் விட்டு அந்தக் குட்டைக் கழுத்துப் பிளக் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பொத்தானைப் போட்டார். பிறகு அந்தப் பொத்தானை இரண்டு விரலால் பிடித்து ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார்.