நுரைக்கு மஞ்சள் அட்டை

நாஸியா எடுத்த முதல் மரத்தவளைப் படங்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் கறுப்பு. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து, வேப்பனப்பள்ளியில் அக்கா வீட்டு மாந்தோப்புக்குப் போயிருந்தாள். இலைமேல் தவளை, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்போல அசையாமல் இருந்தது. உள்ளே யாரும் படமெடுக்காதபடி கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி போன் கேமராமேல் ஒட்டியனுப்பிய ஸ்டிக்கரை உரிக்கத்தான் மறந்துவிட்டாள். ஓசூரில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே வரும் கண்நோய் இது.

பைக் உதிரிபாகக் கம்பெனியில் அவளுக்குத் தரச்சோதனை வேலை. நாளுக்கு இரண்டாயிரம் பல்சக்கரங்களை லென்ஸில் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் செய்வாள். அதே கண்ணால் தன் படங்களையும் பார்ப்பதுதான் சிக்கல். இரண்டு மழைக்காலம், நானூறு படம். நானூறும் ரிஜெக்ட். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீருக்கு மேலே தவளை கட்டும் நுரைக்கூட்டிலிருந்து தலைப்பிரட்டை கீழே சொட்டும் நொடி. ஞாயிறு தவறாமல் தோப்புக் குட்டைக்குப் போவாள். கூடு சனிக்கிழமையே காலியாகியிருக்கும்.

இந்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூடு அவள் வீட்டுக்கே வந்தது. மத்திகிரியில் ஆறு குடித்தனத்துக்கும் பொதுவான நீலத் தண்ணீர் டிரம். அதன் உள்விளிம்பில் ஒரு கையளவு வெள்ளை நுரை.

வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். கம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, வியாழக்கிழமை கொசு ஒழிப்புக்காரங்க வர்றாங்க. தண்ணியில புழுவப் பாத்தாங்கன்னா மானம் போயிரும். சாயந்திரம் கவுத்துடறன்."

"நாலு நாள் பொறுங்கண்ணா. குஞ்சு எறங்கிரும்."

"தவளைக்குப் பிரசவ லீவா? எங்க கம்பெனியில மனுசிக்கே முக்கிக்கிட்டுத்தான் குடுத்தாங்க."

நாஸியா ஷிப்டுக்குக் கிளம்பும்முன் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து டிரம்மில் கட்டினாள். சந்தேகமான பாகத்தில் கம்பெனிகளில் கட்டுகிற 'ஹோல்டு' அட்டை. கட்டியவரே கையெழுத்துப் போட்டு விடுவிக்கும்வரை மேனேஜரே ஆனாலும் அந்தப் பாகத்தை நகர்த்தக் கூடாது. அதில் எழுதினாள்: பாகம் - நுரை. எண்ணிக்கை - தெரியாது. காரணம் - ஆய்வில் உள்ளது.

சாயந்திரம் திரும்பியபோது, பிளீச்சிங் பவுடர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆஞ்சப்பன் டிரம்முக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹோல்டு போட்டு வெச்சிட்டியே, அப்புறம் எப்பிடித் தொடறது?" என்றார் கோபமாக.

ஆறு குடித்தனமும் ஷிப்டு ஆட்கள். இரண்டு நாள் ஒருவரும் அந்த டிரம்மில் சொம்பு விடவில்லை. நுரையைப் படம் எடுக்கிறவளின் கணவன் என்ற பட்டத்தோடு லால் பாஷா பக்கத்துத் தெருவில் குளித்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை கொசு ஒழிப்புப் பணியாளர் செல்லி டார்ச்சோடு வந்தார். கம்பெனிப் பக்கமே போகாதவர். அவருக்கு அட்டை வெறும் அட்டைதான்.

"இது என்னாம்மா சீட்டு? கொசு இதப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிருமா?"

நாஸியா விஷயத்தைச் சொன்னாள். செல்லி நுரைமேல் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொறந்து கெடக்கற தண்ணிய நான் வுட முடியாது. கொசுவலை கட்டு. நாளைக்குக் காலையில வருவன். அப்பவும் எறங்கலன்னா நானே கவுப்பன்."

நாஸியா நல்ல கொசுவலையை வெட்டி டிரம்மின் வாயை மூடிக் கட்டினாள். கம்பெனிக்குப் போன் போட்டு மறுநாள் லீவு சொன்னாள். காரணம் 'பிரசவம்'. யாருக்கு என்று சூப்பர்வைசர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், வலையின் ஓரத்தைத் தூக்கிப் போனை உள்ளே நீட்டினாள். இந்த முறை ஸ்டிக்கர் இல்லை என்று மூன்று தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். நுரை இளகிவிட்டிருந்தது. ஒரு தலைப்பிரட்டை விழுந்தது, படத்தில் இருட்டு. இன்னொன்று, அதுவும் இருட்டு. டிரம்முக்குள் வெளிச்சமே இல்லை. எட்டு மணிக்கு முதுகுக்குப் பின்னால் செல்லியின் குரல்.

"கவுக்கலாமா?"

"ரெண்டே நிமிசம்க்கா. அந்த டார்ச்சக் கொஞ்சம் சைடுல காட்டுங்க."

செல்லி அலுத்துக்கொண்டே காட்டினார். நுரையின் நுனியில் ஒரு சொட்டு நீண்டது. அதற்குள் ஒரு வால் துடித்தது. க்ளிக்.

நாஸியா படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையும் பார்த்தாள். பல்சக்கரத்தைப் பார்க்கிற அதே பார்வை. ஆஞ்சப்பனும் வந்து எட்டிப் பார்த்தார்.

"மூலையில வலை நூல் தெரியுது," என்றாள்.

"தெரியட்டும். நாந்தான கட்டச் சொன்னன்? எனக்கு ஒண்ணு அனுப்பு," என்றார் செல்லி.

நாஸியா அட்டையில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலு வருஷ சர்வீஸில் கீறலோடு அவள் பாஸ் செய்த முதல் சரக்கு.

தலைப்பிரட்டைகள் வாளிக்கு மாறின. சொன்னபடி செல்லி டிரம்மைக் கவிழ்த்தார். தோப்புக் குட்டைக்குப் போக, வாளியோடு பஸ் ஏறினாள் நாஸியா. வாளியின் பிடியில் புது மஞ்சள் அட்டை ஒன்று ஆடியது. ஷிப்டு முடிந்து நெருக்கியடித்து நின்ற கூட்டம் அதைப் படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அவளைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டது.