ஜெயபாரதியின் மாடி

குடவாசல் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ஜெயபாரதியின் சொத்து ஒரு வீடும் அதன் மாடியும்தான். கணவர் துபாயில் உழைத்துக் கட்டியது. அவர் மாரடைப்பில் போன பிறகு, கோயில்களைச் சுற்ற வரும் குடும்பங்களுக்கு மாடியை நாள் வாடகைக்கு விட்டு மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள். வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு வெந்நீர் போட்டு, இட்லி அவித்து, எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும் என்றும் சொல்லி அனுப்புவாள்.

அந்தப் பிழைப்பில்தான் மண் விழப் பார்த்தது. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த வீட்டைச் சென்னையில் இருக்கும் உரிமையாளர் போனிலேயே வாடகைக்கு விட்டார். வந்த வாலிபர்கள் குடித்துவிட்டு வாய்க்காலில் பாட்டில்களை வீசினார்கள். வாய்க்காலைத் தாண்டி நடவுக்கு இறங்கிய அகிலாண்டத்தின் காலைக் கண்ணாடி பதம் பார்த்தது. ஊர் கொதித்தது நியாயம். ஆனால் ஊர்ப் பெரியவர் துரைராசு மாமா, வெளியூர்க்காரர் யாருக்கும் நாள் வாடகைக்கு வீடு விடக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டார்.

குடியரசு தினத்தன்று பந்தலில் கூடிய கிராம சபையில் அதுவே தீர்மானமாக வந்தது. கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஜெயபாரதி எழுந்தாள்.

"மாமா, நாளைக்கு உங்க வயல்ல அறுப்பு. மிஷின் ஆளுங்க எங்க தங்குவாங்க?"

"எப்பவும்போல என் பழைய வீட்லதான்."

"அவங்க எந்த ஊரு?"

"சேலம் பக்கம் ஆத்தூரு."

"சும்மாவா தங்குறாங்க?"

"மிஷின் வாடகைல கழிச்சுக்குவேன்..." என்றவர் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கினார்.

மற்ற கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. தை மாதத்தில் மிஷின்காரர்களுக்கு இடம் கொடுக்காத விவசாயி அந்தப் பந்தலில் யார் இருந்தார்? சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, மழை வேறு மிரட்டுகிறது.

"பூட்டிப் போட்டுட்டு போன்ல விடுறவங்களைத் தடுங்க. வீட்டுக்காரங்க கூடவே இருக்கணும், வர்றவங்க பேரு, விலாசத்தை வாங்கி வைக்கணும், தப்பு நடந்தா நாங்கதான் பொறுப்புன்னு எழுதுங்க. மொத கையெழுத்து நான் போடுறேன்."

காலில் தழும்போடு உட்கார்ந்திருந்த அகிலாண்டம்தான் முதலில் கை தூக்கினார். தீர்மானம் அவள் சொன்னபடியே நிறைவேறியது. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் சந்தோஷம். பக்கத்தில் ஊராட்சித் தலைவர் இருந்ததால் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே துரைராசு மாமா அவள் வாசலில் நின்றார். பேரனுக்குக் காதுகுத்து, சம்பந்தி வீட்டார் பெங்களூரிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். பழைய வீடு முழுக்க மிஷின் ஆட்கள்.

"மாடி காலியா இருக்கா பாரதி?"

"இருக்கு மாமா, உட்காருங்க. ஊர்த் தீர்மானம் பாருங்க, வர்றவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தாள்.

மாமா விரல் விட்டு எண்ணி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.