காளான் செடி இல்லைங்க!

காளான் வளர்ப்பில் பூச்சியைக்கூடச் சமாளித்துவிடலாம், "அதுவும் ஒரு செடிதானே?" என்பவர்களைச் சமாளிக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாட்டிக்கொண்ட சக ஜீவன்களுக்கு நான் சொல்வது புரியும். கதிர்காமத்தில் என் கொட்டகையில் இந்தத் தடவை நாற்பது வைக்கோல் பைகள். இதுவும் போனால் கொட்டகையைப் பிரித்துவிட்டுப் பழையபடி துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

வெயில்

பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக ஒரு பை வாங்கிப்போனார். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மொட்டைமாடியில், ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. "செடிக்குப் பச்சையம் இருக்கு, வெயிலை வச்சுத் தானே சமைச்சுக்கும். காளானுக்கு அது கிடையாதுக்கா. நம்மள மாதிரி இன்னொண்ணத் தின்னுதான் பொழைக்கணும். இந்த வைக்கோல்தான் அதுக்குச் சோறு" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா முகத்தில் ஒரே இரக்கம்.

"அதான் இப்பிடி வெளுத்துக் கெடக்குதா? இன்னும் ரெண்டு நாள் வெயில்ல வெக்கிறேன், தேறிடும்."

சைவமா?

உப்பளத்தில் ஓர் அம்மா. வாரம் தவறாமல் வாங்குபவர் அவர் ஒருவர்தான். ஒருநாள், "இது சைவந்தானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! செடியின் செல்லுக்குச் சுவர் செல்லுலோஸ், காளான் செல்லின் சுவரில் இருப்பதோ கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே சரக்கு, உறவுமுறை பார்த்தால் காளான் செடியைவிட விலங்குக்குத்தான் நெருக்கம் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். பொட்டலம் என் கைக்கே திரும்பி வந்தது.

"இத்தினி நாளா வெள்ளிக்கெழமதோறும் இதத்தாம்மா செஞ்சிக்கிட்டிருந்தேன்!"

வெள்ளை

பாகூரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் நெல் போட்டவர். நாற்பது பைகளிலும் வெள்ளை இழை பஞ்சுபோல ஓடி முடிந்திருந்த நேரம். அந்த இழைதான் காளானின் உடம்பே, நாம் தின்பது அதில் காய்க்கும் காய் மாதிரி. அடுத்த வாரம் மொட்டு வந்துவிடும் என்ற சந்தோஷத்தில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

அந்தப் பகல் பொழுதில் மாமனார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். மருமகள் பிழைப்பு போச்சே என்று பதறி, கடைக்கு ஓடி, பயிருக்கு அடிக்கும் பூஞ்சை மருந்தை வாங்கிவந்து, ஒரு பை விடாமல், பையில் காற்றுக்காகப் போட்டிருந்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அடித்துவிட்டார். இரண்டே நாளில் எல்லாம் மஞ்சளாகிச் சுருண்டது. அழுதேன். திட்டவும் முடியவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எல்லாப் பையிலயும் பூஞ்சணம் ஏறிப்போச்சும்மா. நான் ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்."

காளான் செடியில்லை, அதுவும் ஒரு பூஞ்சைதான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான், அதைச் சொல்லாமல் விட்டது கொட்டகைக்குப் பத்தடி தள்ளிப் படுத்திருந்த அந்த ஒரே மனிதரிடம்தான்.